ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு வாகை

மரக் கிண்ணங்களின் விளிம்பையெல்லாம் அந்த வலைத்தளம் கடித்துத் தின்றிருந்தது. ‘சதுரக் கட்டம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்ததுதான் தாமதம், அவள் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரே அளவில் நறுக்கப்பட்டு, வரிசைக்கு ஐந்தாக ஸ்கிரீனில் வந்து உட்கார்ந்தன. அகலமான தட்டுகளுக்கு இரண்டு பக்கமும் பட்டை காணாமல் போயிருந்தது. சின்னக் கிண்ணங்கள் வெள்ளைத் துணி நடுவே சட்டைப் பொத்தான் மாதிரி கிடந்தன. எல்லாம் மேலிருந்து நேர்குத்தாக எடுத்த படங்கள் வேறு. கிண்ணத்துக்கு ஆழம் உண்டு, வளைவு உண்டு, கையில் ஏந்தினால் ஒரு கனம் உண்டு என்பதற்கெல்லாம் சாட்சியே இல்லை. இவ்வளவு நாள் பாடுபட்டுத் தயாரித்தது மலிவு விலைப் பாத்திரக் கடையின் நோட்டீஸைத்தானா என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மேலிருந்து நேர்குத்தாக எடுத்தது அவள் குற்றமில்லை; அவள் தொழில் அப்படி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் அறையில் வேலை. டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்கேனம்மா. வருகிறவர் மந்திரியானாலும் மண் சுமக்கிறவரானாலும் மல்லாந்து படுக்க வேண்டும், மூக்கு நேர் மேலே பார்க்க வேண்டும், சிவப்பு ஒளிக்கோடு நெற்றி நடுவில் விழ வேண்டும். ஒரு விரற்கடை விலகினாலும் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து போய்த் தலையைப் பிடித்து நேராக்கிவிட்டுத்தான் வருவாள். அந்தக் கை வீட்டுக்கு வந்தால் மட்டும் வேறு கையாகிவிடுமா? கிண்ணங்களைப் படம் எடுக்க வேண்டும் என்றானதும், சாப்பாட்டு மேஜைக்கு மேலே சுவரிலிருந்து ஒரு குழாயை நீட்டி, அதில் கேமராவைக் கவிழ்த்துக் கட்டச் சொன்னாள். துணியில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டாள். அதே உயரம், அதே வெளிச்சம், அதே நடு. கிட்டே இழுத்து எடுப்பது, சாய்த்து எடுப்பது, பக்கத்தில் ஒரு பூவை வைத்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

“கிண்ணத்துக்கு என்ன நோயின்னு கண்டுபிடிக்கப் போறியா?” என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்காரர் குழாயை மாட்டிக் கொடுத்தார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரைத் தான்தான் மேலே ஏற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் இருக்கும் கடைசல் எந்திரம் அவரே செய்தது. எங்கோ கழித்துக் கட்டிய லிஃப்டின் மோட்டார்தான் அதற்கு உயிர். ஸ்டூலுக்குக் கால், கதவுக்குக் குமிழ், தெருப் பிள்ளைகளுக்குப் பம்பரம் என்று பொழுதுபோக்காகக் கடைந்துகொண்டிருந்தவர், ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரே ஒரு மரத்தை மட்டும் கடைந்துகொண்டிருந்தார். வீட்டில் கிண்ணம் இல்லாத இடம் கிடையாது. ஃபிரிட்ஜின் தலையில் கிண்ணம், துணி அலமாரிக்குள் கிண்ணம், குளியலறை ஜன்னலில் சோப்புக்குக்கூட ஒரு கிண்ணம். பாதிக்கு மேல் வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது; படம் எடுக்காமல் ஒன்றும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் அவள் போட்ட சட்டம். போன வாரம் கடைசித் துண்டையும் முடித்துவிட்டு, தலைமுடியெல்லாம் மரச்சுருளோடு உள்ளே வந்தவர், சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“இதையெல்லாம் நெட்டுல ஒரு பக்கமா போட்டு வெச்சா நாலு பேரு பாப்பாங்கல்ல?”

அந்த நாலு பேர் யார் என்று அவளுக்குத் தெரியும். நாலு பேரும் ஒரே ஆள்தான்.

அவர்களுடைய ஒரே மகள். வேறு ஊரில் குடிநீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, அணில்தான். நடக்கப் பழகிய கையோடு கொல்லையில் நின்ற வாகை மரத்தில் ஏறப் பழகியவள். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், துணிக்கொடி கட்டுவதற்காக அவர் மரத்தில் ஓர் இரும்பு வளையத்தை அறைந்திருந்தார். அதுதான் அவளுக்கு முதல் படி. வளையத்தில் வலது கால் விரல்களை நுழைத்து, ஒரு கணம் நின்று, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்புறம் ஒரே மூச்சில் கவட்டைக்குப் போய்விடுவாள். ‘பாத்துடீ அணிலு’ என்று அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள். அப்பா கத்தமாட்டார். துணிக்கொடியைச் சரிபார்க்க வந்தவர்போல மரத்தடியில் வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆனால் இரண்டு கைகளும் உடம்பைவிட்டு ஒரு சாண் விலகியே இருக்கும். மரம் பருத்துப் பருத்து அந்த வளையத்தை முழுசாக விழுங்கி முடித்தபோது, அது தேவைப்படாத உயரத்துக்கு அணில் வளர்ந்திருந்தாள்.

ஒரு மழைக்காலத்துக் காற்றில் வாகையின் கிளையொன்று முறிந்து, பக்கத்து வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு கட்டில்மேல் விழுந்தது. அந்த வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்த நேரம். மறுநாள் லிஃப்ட்காரர் கொல்லையில் நின்று வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். செங்குத்தைக் கண்ணாலேயே அளக்கிற ஆள். மரம் அந்த வீட்டுப் பக்கமாகச் சாயத் தொடங்கியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெட்டித்தான் ஆக வேண்டும். “அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க” என்றாள் இவள். “நான் சொல்லிக்கிறேன்” என்றார் அவர். சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அவள் அழுதால் தன்னால் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் அடுத்த காற்றில் ஓர் உயிர் போகும். அவர் யோசித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைச் சரியென்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த லீவுக்கு அணில் விடியுமுன் வந்து இறங்கினாள். குளித்துவிட்டு, துண்டைக் காயப்போடக் கொல்லைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. கொட்டகை ஓரத் தொட்டியில் மரம் துண்டு துண்டாகக் கிடந்தது.

“வெட்டினதுகூட இல்லப்பா,” என்றாள், பின்னால் வந்து நின்ற அப்பாவிடம். “வெட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போன்னு சொல்லியிருக்கலாம்ல?”

அன்றைக்கே சாயங்காலம் கிளம்பிப் போனவள்தான். அம்மாவோடு போனில் பேசுவாள். அப்பாவைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டாள். ஒரே ஒரு முறை, அப்பா அந்த மரத்தில்தான் கிண்ணம் கடைகிறார் என்று இவளாகச் சொன்னபோது, “பொணத்த அறுத்துக் கிண்ணம் செய்றாராக்கும்?” என்றாள். இவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அன்றைக்கு எந்திரம் ஓடவே இல்லை.

இப்போது இந்தப் பாத்திரக் கடை நோட்டீஸை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. மிச்சமிருக்கிற ஒற்றை நூலையும் நாமே கத்தரி வைத்து நறுக்கிய கதையாகிவிடும்.

சதுரக் கட்டத்தை விட்டுவிட்டு ‘செங்கல் சுவர்’ என்ற அமைப்புக்குப் போனாள். அதில் படங்களை வெட்டவில்லை. ஆனால் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே செருகி வைத்திருந்தது. வேர்ப்பக்கத்துப் பெரிய தட்டுக்கு இடுக்கில் உச்சிக் கிளைக் கிண்ணம் ஒன்று மூச்சுத் திணறியது. போதாக்குறைக்கு, உதவி செய்கிற தோரணையில் ஒரு பெட்டி எழும்பி நின்றது. ‘உங்கள் படங்கள் அனைத்திலும் நீல நிறக் கறை காணப்படுகிறது. நீக்கட்டுமா?’

“கையை வெச்சுப் பாரு,” என்று லேப்டாப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினாள்.

அது கறை இல்லை. மரம் வெட்ட ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், அவர் ஏணி போட்டு உச்சிக் கவட்டைவரை ஏறி, அங்கிருந்து தூக்குக்குண்டைக் கீழே தொங்கவிட்டார். லிஃப்ட் குழியில் தண்டவாளம் பொருத்துவதற்குமுன் மேலிருந்து குண்டு விட்டு நேர்க்கோடு பார்ப்பார்களே, அதே மாதிரி. குண்டு அசைந்து அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நீலப் பெயின்ட் டப்பாவோடு இறங்கி இறங்கி, சமையலறை ஜன்னலைப் பார்க்கிற பக்கமாகப் பட்டையில் உச்சி முதல் அடிவரை ஒரே கோடு இழுத்தார். மறுநாள் வெட்ட வந்தவர்கள் சிரித்தார்கள். “சாமி, மரத்துக்கு நாமம் போட்டுட்டீங்களா?” எதற்காகப் போட்டீர்கள் என்று இவள் கேட்டதற்கு, “சும்மா... எது எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சுன்னு தெரியணும்ல” என்றார். அவருக்கே அதற்குமேல் தெரிந்திருக்காது. நேர்க்கோடு போடாமல் ஒரு வேலையைத் தொட அவர் கைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மரம் மேலிருந்து இறங்க இறங்க, ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டார். காய்ந்தால் வெடித்துவிடும் என்று எல்லாவற்றையும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டார். கைக்கு வந்ததை எடுத்து ஈரத்தோடு எந்திரத்தில் மாட்டி, உள்ளே அகலமாகக் குழித்து, அடியை மெல்லிசாக இழைத்து, அழிந்த எண்ணை அங்கேயே திரும்ப எழுதி, விளிம்பில் மட்டும் பட்டையை அப்படியே விட்டுவிடுவார். அதனால் எதுவும் சரியான வட்டமில்லை. மரம் எப்படிப் புடைத்திருந்ததோ அப்படிப் புடைத்து, எப்படி ஒடுங்கியிருந்ததோ அப்படி ஒடுங்கி இருந்தன. சில காய்ந்து கோணின. சிலவற்றில் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிப்பு ஓடியது. அதையும் அவர் அடைக்கவில்லை. ஒவ்வொரு விளிம்பிலும் நகக்கண் அகலத்துக்கு அந்த நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் படம் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் சுற்றி, அந்த நீலம் மேல்பக்கம் வரும்படி வைத்துத்தான் எடுத்தாள். ஏன் என்று அவளைக் கேட்டால், அவளும் சும்மாதான் என்றிருப்பாள். மூக்கு நேர் மேலே பார்க்க வேண்டும் அல்லவா?

செங்கல் சுவரைப் பற்றி அவர் கருத்தையும் கேட்டுவிடலாம் என்று, அந்தப் பக்கத்தின் லிங்கைக் கொட்டகையில் இருந்தவரின் போனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவள் ஸ்கிரீனின் வலது ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. ‘ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்’ என்றது. பக்கத்தில் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே புள்ளியும் இருந்தது. அவர் இறங்கினால் அதுவும் இறங்கியது. ஒரு படத்துக்குப் பக்கத்தில் வந்ததும் புள்ளி நின்றுவிட்டது. எந்தப் படம் என்று பார்த்தாள். வளையம் இருந்த தட்டு. கடையும்போது உளி இரும்பில் பட்டுத் தீப்பொறி பறந்ததும், உளியின் முனை உடைந்ததும், அவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வளையத்தை எடுக்கவில்லை. அதைச் சுற்றிக் குழித்துவிட்டு விட்டுவிட்டார். துரு ஊறி, அந்த இடம் மட்டும் மை கொட்டியதுபோலக் கறுத்திருந்தது. புள்ளி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் ஒன்றும் சொல்லாமல் மறைந்தது. பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அமைப்புகளில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கும் பொறுமையும் அவளிடம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. ‘ஒன்றன்மேல் ஒன்று’ என்று பெயர். ஸ்கிரீன் முழுக்க ஒரே ஒரு படம். மவுஸின் சக்கரத்தை உருட்டினால் அதே இடத்தில், அது கரைந்து அடுத்தது தெளியும். உருட்டிப் பார்த்தாள். பெரிய தட்டு, குட்டிக் கிண்ணம், நடுத்தரம், மறுபடி குட்டி என்று படங்கள் எடுத்த தேதி வரிசையில் குதித்துக் குதித்து வந்தன. கண் வலித்தது. அடுக்கி வைத்தாலாவது பார்க்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்து, வரிசையை ‘எண்படி’ என்று மாற்றினாள். ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கிண்ணத்தின் அடியில் இருந்த எண்ணையேதான் பெயராக வைத்திருந்தாள்.

எண் ஒன்று. உள்ளங்கை அகலக் கிண்ணம். உச்சிக் கவட்டைக்கு அடுத்த துண்டு. நடுவில் ஒரு சின்ன மையம், அதைச் சுற்றி நாலைந்து வளையங்கள். சக்கரத்தை உருட்டினாள்.

கிண்ணம் மாறவில்லை. அகன்றது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மறுபடி உருட்டினாள். விளிம்பு மெல்ல வெளியே நகர்ந்தது. ஓரத்தில் ஒரு கணு முளைத்தது, அடுத்ததில் சற்று உள்ளே வந்தது, அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே, அப்படியே நடந்து நடந்து நடுமையத்தில் போய்க் கலந்துவிட்டது. ஒரு கிளை தாய்மரத்துக்குள் திரும்பிப் போனதைத்தான் பார்த்தோம் என்று விளங்கிய கணத்தில் அவள் கை சக்கரத்தின்மேலேயே உறைந்துவிட்டது.

ஆயிரக்கணக்கான பேரை இப்படித்தான் பார்த்திருக்கிறாள். எந்திரம் ஆளைத் துண்டு துண்டாகத்தான் காட்டும். எந்தத் துண்டிலும் ஆள் இருக்கமாட்டார். ஆனால் சக்கரத்தை உருட்ட உருட்ட, விலா எலும்புகள் மூடித் திறக்க, இதயம் வந்து போக, துண்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு முழு மனிதர் எழுந்து வருவார். தினம் தினம் பார்ப்பதில் அது ஓர் அதிசயம் என்பதே மறந்து போயிருந்தது. இன்றைக்கு, சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், முதல் நாள் பார்த்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல இறங்கினாள். ஒரு பக்கம் விளிம்பு புடைத்தது. புடைப்புக்குள் இன்னொரு மையம் கண் திறந்தது. இரண்டு கண்களும் நெருங்கி நெருங்கி ஒன்றாயின. அணில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் பெரிய கவட்டை அதுதான். அதற்குக் கீழே மரம் கொஞ்சம் திரும்பியது. வெயிலுக்காகவோ எதற்காகவோ என்றைக்கோ திரும்பியிருக்கிறது, அத்தனை வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்தும் அவளுக்கு அது தெரியவில்லை. வெளுத்த வெளிமரத்துக்கு நடுவே முற்றிய பழுப்பு வைரம் ஒரு நிழலாகத் தொடங்கி, அகன்று, ஆழ்ந்தது. வளையங்கள் கூடிக்கொண்டே போயின. உச்சியிலிருந்த துண்டுக்கு ஒரு குழந்தையின் வயதுதான் இருக்கும். இப்போது வருவது அணிலைவிட மூத்தது. இனி வருவது அவர்கள் கல்யாணத்துக்கும் முந்தியது. ஒரே மரம், மேலே போகப் போகக் குழந்தையாகவும் கீழே வர வரக் கிழமாகவும், ஒரே நேரத்தில் அத்தனை வயதிலும் நின்றிருக்கிறது. அது தெரியாமல் அதன் நிழலில் துணி காயப்போட்டிருக்கிறோம். அப்புறம் அந்தக் கறுப்பு வந்தது. விளிம்புக்கு உள்ளே ஒரு மைத்துளியாகத் தொடங்கி, பரவி, நடுவே இரும்பு மினுங்கி, மறுபடி சுருங்கி மறைந்தது. கடைசியில் அடிமரம் நான்கு பக்கமும் கால் பரப்பி வேராக இறங்கி, ஸ்கிரீனை நிரப்பி நின்றது. இவ்வளவுக்கும் நடுவில் அசையாதது ஒன்றே ஒன்று: மேலே, அதே திசையில், அந்த நீலம்.

நீலம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் எல்லாமே குழம்பியிருக்கும். உயரம் கொஞ்சம் மாறியிருந்தால் மரம் எகிறிக் குதித்திருக்கும். அவர் அவளுக்காகக் கோடு போடவில்லை, அவள் அவருக்காக நேராக வைக்கவில்லை. இரண்டு பேரும் தங்கள் தங்கள் தொழில் கிறுக்கைத்தான் செய்தார்கள்.

“என்னங்க,” என்று கூப்பிட்டாள். எழுந்து கொல்லைக் கதவுவரை போய், “இங்க கொஞ்சம் வாங்களேன்” என்றாள்.

“எனக்குப் புடிக்கலன்னு விட்டுடு. பக்கமும் வேணாம் ஒண்ணும் வேணாம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, அவர் விரலைப் பிடித்துச் சக்கரத்தின்மேல் வைத்தாள்.

அவர் உருட்டினார். இரண்டு படம், மூன்று படம். விரல் நின்றது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு நிறுத்தாமல் அடிவரை இறங்கினார். அப்புறம் அவள் யோசிக்காத ஒன்றைச் செய்தார். சக்கரத்தை எதிர்ப்பக்கம் உருட்டினார்.

வேர் கூடி அடிமரமானது. கறுப்பு வந்து போனது. ஒன்றாயிருந்த மையம் இரண்டாகப் பிரிந்து, கவட்டை விரிந்து, நடுவிலிருந்து கணுக்கள் புறப்பட்டு ஓரம்நோக்கி ஓடிக் கிளைகளாக வெளியேறின. மரம் வளர்ந்துகொண்டிருந்தது. மரம் மேலிருந்து கீழே வருவதை ஒரு பகல் முழுக்க நின்று பார்த்த மனிதர், அது மேலே போவதை இப்போதுதான் பார்க்கிறார்.

“நான் இப்படின்னு நெனக்கவே இல்ல,” என்றார்.

“நானும்தான்.”

“நின்னுட்டுதான் இருந்திருக்கு. வீடு பூரா.” சுற்றிலும் பார்த்தார். ஃபிரிட்ஜின் தலையைப் பார்த்தார். கொடுத்தனுப்பிய கிண்ணங்கள் எந்தெந்த வீட்டில் என்னென்ன சுமந்துகொண்டிருக்கின்றனவோ. இனி அவற்றை ஒன்றுசேர்க்க யாராலும் முடியாது. இந்த ஒரு பக்கத்தில்தான் மரம் முழுசாக இருக்கிறது.

“அவளுக்கு அனுப்பட்டா?” என்றாள் இவள்.

அவர் முகம் மாறியது. “அவ சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. அன்னிக்குப் போன்ல.” ஸ்கிரீனைக் காட்டி, “அறுத்தத அடுக்கி வேற காட்றியான்னு கேட்டுட்டான்னா...”

கேட்கலாம்தான். கேட்கமாட்டாள் என்று சொல்ல இவளுக்கும் தைரியமில்லை. அந்த மாதிரி ஒரு சொல் இன்னொன்று வந்துவிட்டால் அதற்குமேல் இந்த வீட்டில் அப்பா என்றும் மகள் என்றும் பேச ஒன்றும் இருக்காது. அதற்காக அனுப்பாமல் இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

“நானே அனுப்பறேன்.”

மகளோடு பேச்சு நின்ற இடத்தில், மேலே, ‘பஸ் ஏறியாச்சாம்மா’ என்று அவர் என்றைக்கோ கேட்டதும், அவள் பதிலுக்கு அனுப்பிய கட்டைவிரல் படமும் அப்படியே இருந்தன. ஒற்றை விரலால் என்னவோ அடித்தார்; அழித்தார். மறுபடி அடித்தார், மறுபடி அழித்தார். அறுபதை நெருங்கும் மனிதர் பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க இவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் லிங்கை மட்டும் அனுப்பிவிட்டுப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

இரண்டு பேரும் லேப்டாப்பின் முன்னால் இருந்தார்கள். அவர் நாற்காலியில், அவள் பின்னால். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. ஸ்கிரீனில் எண் ஒன்று, உச்சிக் கிண்ணம், தனியாக நின்றது. ஞாயிற்றுக்கிழமையில் அணிலுக்கு வேலை இருக்கிறதோ என்னவோ. தூங்குகிறாளோ. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததுமே தள்ளிவிட்டாளோ.

வலது ஓரத்தில் பச்சைப் புள்ளி முளைத்தது.

அவர் எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மேஜையோரமாக நின்றார். புள்ளி உச்சியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒரு படம் இறங்கியது. இன்னொன்று. சட்டென்று நாலைந்து படம் வேகமாக இறங்கி, நின்று, திரும்ப மேலே போய், அங்கிருந்து மறுபடி மெதுவாக, ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று இவளுக்குத் தெரிந்தது. கவட்டையில் நின்றது. திருப்பத்தைத் தாண்டியது. கறுப்பை நிற்காமல் கடந்து, அடிமரத்துக்கு இறங்கி, கடைசிப் படத்தில், வேருக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அங்கேயே நின்றது. போன் அடிக்கவில்லை. சைக்கிளுக்குக் காற்று அடித்தவர் முடித்துக்கொண்டு போய்விட்டார். புள்ளி மறைந்துவிடுமோ என்று இவள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புள்ளி ஒரு படம் மேலே வந்தது. அப்புறம் இன்னொன்று. வளையம் இருந்த தட்டுக்கு வந்ததும் நின்றது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொள்கிற நேரம் நின்றது.

பிறகு ஒரே மூச்சில் ஏறத் தொடங்கியது.

“பாத்துடீ அணிலு,” என்றாள் இவள், தன்னை அறியாமல், லேப்டாப்பைப் பார்த்து.

அவர் ஜன்னல் வழியாக வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் உடம்பைவிட்டு ஒரு சாண் விலகியிருந்தன.